தகரப்பெட்டியும் செக்ரோலும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், என் அப்பாயியின் பெட்டியிலிருந்து கிடைத்த தகரத் துண்டு ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அடித்த சின்னஞ்சிறு துண்டு. இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கடல் தாண்டி வந்தவர்களின் கழுத்தில் கட்டி அனுப்பியது. அதைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். முப்பத்துநான்கு ஆண்டுகள் தோட்டப் பாடசாலைகளில் வரலாறு படிப்பித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு பழைய தாள்களைத் தேடி அலைவதே வேலையாகிவிட்டது. அந்த அலைச்சலில் கற்றதைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

எங்கள் பூட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. "திருச்சிப் பக்கம்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கொழும்பில் தேட வேண்டுமா, சென்னைக்குப் போக வேண்டுமா?
– பல்கலைக்கழக மாணவி, மஸ்கெலியா

இரண்டும் பிறகு ஆகட்டும் மகள். முதலில் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கும் தகரப்பெட்டியை இழுத்துத் திறவுங்கள்.

காரணம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு இந்திய, பாகிஸ்தானியருக்கென வந்த சட்டத்தின்படி குடியுரிமை கேட்பவர், 1946க்கு முன் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது: மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு. 1951 ஆகஸ்ட் மாதத்துக்குள் ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் போயின. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தலைவிதி அந்தத் தாள்களில் இருந்தது. அன்று முதல் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட வீசவில்லை. எது எப்போது கேட்கப்படும் என்று தெரியாத பயம். பற்றுச்சீட்டு, அரிசிக் கூப்பன் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், இந்தியக் கடவுச்சீட்டு, கலியாணப் பத்திரிகை எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடக்கும். அந்தப் பயம்தான் நமக்கு இவ்வளவையும் காப்பாற்றித் தந்திருக்கிறது.

ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் பாருங்கள். தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிளாக்கர் பென்சிலால் கிறுக்கிய குறிப்பு அங்கேதான் இருக்கும். ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் கண்ணால் படித்து விட்டுவிடாமல் வாய்விட்டுப் படியுங்கள். ஒரு பற்றுச்சீட்டில் இருந்த "டொரியூர்" எது என்று இரண்டு நாள் வரைபடத்தைப் புரட்டினேன். லயத்தில் அடுத்த காம்பரா (அறை வீடு) ஆச்சியிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "துறையூரைத்தான் தொரை அப்படி எழுதியிருக்கிறான்" என்றார், வெற்றிலையை மென்றபடி. காதில் விழுந்ததைத் தன் மொழியில் எழுதிய துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், கையெழுத்து அது. ஆகவே அதற்குச் சாவி நம் காதுதான்.

தாளே இல்லையென்றால் குலதெய்வத்தைக் கேளுங்கள். தெய்வத்தின் பெயரோடு ஊரும் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து இங்கே வைத்தார்கள் என்று மூத்த பூசாரிக்குத் தெரிந்திருக்கலாம். ஊர் மறந்த குடும்பங்கள்கூடக் குலசாமியை மறப்பதில்லை.

அதன் பிறகு தோட்டத்தைப் பிடியுங்கள். நம் தோட்டங்களுக்கு இரண்டு பெயர். ஆவணத்தில் ஸ்கொட்லாந்து ஊரின் பெயர் இருக்கும். நம் வாயில் முதல் கங்காணியின் பெயரோ, ஆற்றின் பெயரோ இருக்கும். இரண்டையும் பொருத்தாமல் எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் கோப்பு கிடைக்காது. ஃபர்குசன் வெளியிட்டுவந்த சிலோன் டைரக்டரியில் தோட்டம் தோட்டமாக ஏக்கர், உரிமையாளர், துரை என்று விபரம் உண்டு. தொழிலாளி ஒருவரின் பெயரும் அதில் இராது. ஆனாலும் எந்த ஆண்டில் தோட்டம் யார் கையில் இருந்தது என்று தெரிந்தால், தாள்கள் எங்கே போயிருக்கும் என்று ஊகிக்கலாம்.

உங்கள் ஊருக்கு மட்டும் இன்னொரு வார்த்தை. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் பழைய கோயில் மேலே தெரியும்போது எல்லோரும் படம் எடுக்கப் போகிறார்கள். போகிறவர்கள் அந்தக் காலத்துப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் எந்தக் கடை இருந்தது, எந்தப் பக்கம் லயத்துக்கு வழி பிரிந்தது என்று அவர் கையைக் காட்டிச் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடத்தோடு அதை ஒப்பிட்டால் மூழ்கிய ஊர் மீண்டும் எழுந்து நிற்கும்.

எங்கள் தோட்ட ஆபீஸில் பழைய செக்ரோல் (தொழிலாளரின் நாள்வரவு, கூலிக் கணக்கு) புத்தகங்களை மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். வீசப் போவதாகப் பேச்சு. எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா?
– இளைஞர், பொகவந்தலாவை

சொல்லாமல் எடுக்காதீர்கள் தம்பி. எடுத்தால் நாளைக்கு அந்தப் புத்தகத்தை வெளியே காட்டவே கூசும். அதற்காகச் சும்மாவும் இருக்காதீர்கள். இந்தக் கிழமைக்குள் தோட்டத் தலைவரையும் கோயில் கமிட்டியையும் சேர்த்துக்கொண்டு முகாமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். "வீசுவதாக இருந்தால் பல்கலைக்கழக நூலகத்துக்கோ தேசிய சுவடிகள் கூடத்துக்கோ கொடுங்கள். அதுவரை ஆபீஸிலேயே வைத்துப் படம் எடுக்க எங்களுக்கு அனுமதி தாருங்கள்" என்று கேளுங்கள். தோட்டம் அரச நிறுவனத்தின் கீழ் இருந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் நான் ஒருமுறை பிந்திப் போனவன். 1992இல் தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு ஒரு தோட்டத்தில் ஆபீஸைத் துப்புரவு செய்தார்கள். செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது தொழிற்சாலைக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. ஓரம் கருகிய ஒரே ஒரு புத்தகத்தைத் தடியால் இழுத்தெடுத்தேன். 1957ஆம் ஆண்டுக்கானது.

அதில் ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். இடப்பக்கம் பெயர்கள், அடுத்து நாளுக்கு ஒரு கட்டம். முழுப்பேருக்கு (முழுநாள் வேலைக்கு) ஒரு கோடு, அரைப்பேருக்கு (அரைநாளுக்கு) வேறு குறி. வலப்பக்கம் அரிசி, கம்பளி, முற்பணம் என்று பிடித்தக் கணக்கு. ஒரு பெண்ணின் வரியில் பதினொராம் தேதி வரை கோடுகள் ஒழுங்காக நிற்கின்றன. அதன் பிறகு வெற்றுக் கட்டங்கள். அடுத்த மாதப் பக்கத்திலும் பாதிவரை வெறுமைதான். பிறகு ஒரு அரைப்பேர், மறுநாள் இன்னொரு அரைப்பேர்.

அந்தப் பெண் அப்போது உயிரோடு இருந்தார். கீழ்ப்பிரிவு லயத்தில் தேடிப் போய்ப் பக்கத்தைக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். எந்தக் கட்டத்தில் வெறுமை தொடங்குகிறது என்று விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். நெடுநேரம் விரலை எடுக்கவில்லை. "மூத்தது பிறந்த மாசம் ஐயா. தங்கல்லே" என்றார். அந்தப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழும் இல்லை, இறப்புச் சான்றிதழும் இல்லை. அது இந்த உலகத்தில் இருந்ததற்கு அத்தாட்சி அந்த வெற்றுக் கட்டங்கள் மட்டும்தான். அன்றைக்கு நான் அங்கே போகாமல் இருந்திருந்தால் அவை வெறும் விடுமுறை நாட்கள். தாளையும் அதற்கு விளக்கம் சொல்லக்கூடிய வாயையும் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

படம் எடுக்கும் முறை எளிது. யன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். முதலில் அட்டையை எடுங்கள், பக்கத்தில் தோட்டம், பிரிவு, ஆண்டு எழுதிய ஒரு துண்டை வைத்து. பிறகு வெற்றுப் பக்கத்தையும் விடாமல் வரிசையாக, நான்கு மூலையும் தெரிய எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும். மூலக்கோப்பையே பிரதி எடுத்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். கிழிந்த தாளுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். நம் ஊர் ஈரத்துக்குத் தாளை நிலத்தில் வைக்கக் கூடாது. பழைய பருத்திச் சேலையில் சுற்றி உயரத்தில் வைத்தால் போதும்.

பத்தாம் வகுப்பு மாணவர்களைத் தேசிய சுவடிகள் கூடத்துக்கு அழைத்துப் போக நினைக்கிறேன். போய் எதைப் பார்க்கச் சொல்வது?
– ஆசிரியை, பதுளை

நல்ல எண்ணம். கொழும்பு 7இல் இருக்கிறது. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். பிள்ளைகளிடம் பேனையை வாங்கி வைத்துவிட்டுப் பென்சில் கொடுங்கள். அங்கே ஒல்லாந்தர் காலத்துக் கோப்புகளும் உண்டு, கச்சேரி எனப்படும் மாவட்ட அரச அலுவலகங்களின் பதிவுகளும் உண்டு, பழைய பத்திரிகைகளும் உண்டு. எல்லாவற்றையும் பார்க்கப் போனால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரே ஒரு நாளைக் கொடுங்கள்.

நானாக இருந்தால் 1940 ஜனவரி 10ஐக் கொடுப்பேன். முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்த நாள். அந்தக் கிழமைப் பத்திரிகைகளைப் பிள்ளைகள் தேடட்டும். எந்தப் பத்திரிகை எத்தனை வரி எழுதியது, அவரை எப்படிக் குறிப்பிட்டது என்று ஒப்பிடட்டும். அதன் பிறகு அமைந்த விசாரணை ஆணைக்குழு யார் யாரைக் கேட்டது என்று பார்க்கட்டும். திரும்பி வந்த பிறகு, அந்தத் தோட்டம் இருக்கும் ஹேவாஹெட்டைப் பக்கத்துப் பெரியவர்களிடம் பேசட்டும். ஒரே நிகழ்ச்சி மூன்று வாய்களில் எப்படி மாறுகிறது என்று கண்ட பிள்ளை பாடப்புத்தகத்தையும் இனி வேறு கண்ணால் படிக்கும்.

குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளையும் காட்டுங்கள். முதல் மதிப்பீடு 1871இல். நம்மை "இந்தியத் தமிழர்" என்று தனியாகப் பிரித்து எண்ணத் தொடங்கியது 1911இல். அந்த இரண்டு அட்டவணைகளையும் அடுத்தடுத்து வைத்தால் நீங்கள் ஒரு மணி நேரம் விளக்கத் தேவையில்லை.

நான் பிறந்தது லிந்துலைப் பக்கம். ஒன்பது வயதில் கப்பலேறி வந்தோம். என் பெயர் அங்கே எதிலாவது இருக்குமா?
– வாசகர், கோத்தகிரி, நீலகிரி

இருக்கும் ஐயா. நிச்சயமாக ஓர் இடத்தில் இருக்கும்.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நாடற்ற நம்மவரைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த எண்களின் கோப்புகள் கொழும்பிலும் டில்லியிலும் இருக்கின்றன. உங்கள் பெயரை நான் தேடச் சொல்வது நீங்கள் படித்த தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பில். பிள்ளை சேர்ந்த தேதி, தகப்பன் பெயர், பிறந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். கடைசி நிரலில் விலகிய தேதியும் காரணமும் இருக்கும்.

1980களின் தொடக்கத்தில், நான் புதிதாக ஆசிரியரான காலத்தில், அந்தக் கடைசி நிரலை நானே எழுதியிருக்கிறேன். "இந்தியா சென்றார்." ஒரு கிழமையில் ஒன்பது பிள்ளைகளுக்கு அதையே எழுதினேன். ஏழாவது பெயருக்கு மேல் கை போகவில்லை. வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்து எழுதினேன். பின்னாளில் அந்த இடாப்பைப் பார்க்கக் கிடைத்தது. ஏழாவது பெயரில் மை சற்றுப் பரவியிருந்தது.

பாடசாலை அதிபருக்கு உங்கள் பெயர், தகப்பனார் பெயர், சேர்ந்த ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அங்கே வந்ததும் உங்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை இருந்தால் அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள். பாதி வரலாறு இங்கே கிடக்கிறது, பாதி உங்கள் மலையில் கிடக்கிறது.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, இனியும் ஏன் ஆவணக் காப்பகங்களுக்கு அலைய வேண்டும்?
– வாசகர், தலவாக்கலை

வந்திருப்பதை நான் கொண்டாடுகிறேன். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் நம் பழைய இதழ்களையும் பிரசுரங்களையும் எந்த லயத்திலிருந்தும் காசில்லாமல் படிக்கலாம். இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் "அபிலேக் படல்" தளத்தில் அன்றைய அரசு குடிபெயர்வு பற்றி எழுதிய கோப்புகள் கிடைக்கின்றன. அங்கே "தொழிலாளி" என்று தேடாதீர்கள். அன்றைக்கு அவர்கள் நம்மைக் "கூலி" என்றுதான் எழுதினார்கள். மனம் சுளித்தாலும் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் இட்டுத்தான் தேட வேண்டும்.

ஆனால் இணையத்தில் இருப்பது யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்து ஏற்றியது. செக்ரோல் ஏறவில்லை. கோயில் கணக்கு ஏறவில்லை. இடாப்பு ஏறவில்லை. அவை இன்னும் அலுமாரியில்தான் இருக்கின்றன.

ஏறியதெல்லாம் நிலைக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஒரு சங்கக் கிளையின் கூட்டக் குறிப்புகள் பத்து ஆண்டுகளுக்கானவை ஒரு குறுந்தட்டில் கிடைத்தன. திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை. புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. பார்த்ததும் பிடிபட்டது: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது, அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி எடுத்தோம். ஐம்பது ஆண்டு கழித்து "பாமினி" என்ற பெயரே தெரியாதவர் கையில் அது கிடைத்திருந்தால்? அதே கிளையின் 1950களின் மை எழுத்துக் கொப்பியை இன்றும் எவரும் படிக்கலாம். இனித் தட்டச்சு செய்பவர்கள் ஒருங்குறியிலேயே செய்யுங்கள்.

ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எவ்வளவு ஆபத்து என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் இருந்தன.

பழைய கையெழுத்தைக் கணினியே வாசித்துத் தருமாமே?
– மாணவர், பண்டாரவளை

அச்செழுத்தை ஓரளவு நன்றாகவே வாசிக்கிறது. என் பேத்தி ஒரு பழைய துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்துப் பார்த்தாள். "லை", "னை", "ணா", "றா" வருமிடமெல்லாம் தடுமாறியது. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய வடிவங்கள் அவை. அதற்கு யாரும் பழக்கிக் கொடுக்கவில்லை. கிளாக்கர்மாரின் கையெழுத்து இன்னும் கடினம். உங்களைப் போன்றவர்கள் நூறு பக்கத்தைக் கையால் தட்டச்சு செய்து கொடுத்தால் கணினி அதைப் பார்த்துப் பழகும். அதுவரை அது சொல்வதை மூலத்தோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள். ஒரு பெயர் பிழையாகப் பதிவானால் தேடுகிறவருக்கு அந்த மனிதர் இல்லாமலே போய்விடுவார்.

எங்களிடம் இருக்கும் பழைய பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே சாதி எழுதியிருக்கிறது. இணையத்தில் போடலாமா? சிலர் அந்த நிரலை மறைத்துவிடு என்கிறார்கள்.
– பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி, ஹட்டன்

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கே நன்றி. நீண்ட நாள் யோசித்து நான் வந்த முடிவைச் சொல்கிறேன்.

மூலத்தில் ஒரு புள்ளியையும் அழிக்காதீர்கள். ஒரு மனிதனை இறக்கிய உடனே சாதியைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், அதைப் பார்த்து லயத்தைப் பிரித்தார்கள் என்பதற்கு அந்த நிரல்தான் சாட்சி. அதை மறைத்தால் செய்தவர்களுக்குத்தான் வசதி. ஆகவே முழுப் பக்கத்தையும் படமெடுத்துப் பாதுகாப்பாக வையுங்கள். ஆய்வாளர் கேட்டால் காட்டுங்கள்.

இணையம் வேறு. அதே லயத்தில் அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளை கலியாணப் பேச்சில் யாரோ ஒருவர் கைபேசியில் தேடிப் பார்ப்பார். அந்த நிரலை வைத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கை குலைந்தால் நாம் செய்த வேலைக்கு என்ன பெயர்? பொதுவில் இடும் பிரதியில் அந்த நிரலை மூடுங்கள். மூடியிருக்கிறோம், இன்ன காரணத்துக்காக என்று வெளிப்படையாக எழுதுங்கள். அதற்கு முன் அந்தக் குடும்பங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்களுடைய பெயர்கள் அவை. நாம் காவல்காரர் மட்டும்தான்.

எனக்கு வயது 81. எழுத்துத் தெரியாது, பேத்தி எழுதுகிறாள். என்னிடம் தாள் ஒன்றும் இல்லை. கொழுந்து மலையில் என் அம்மா பாடிய பாட்டுகள் ஒரு இருபது ஞாபகத்தில் இருக்கின்றன. அதெல்லாம் உங்கள் ஆவணத்தில் சேருமா?
– ஆச்சி, இராகலை

சேரும் ஆச்சி. டிக்கோயா வார்லி தேவாலயத்துக்குப் போனால் துரைமாரின் கல்லறைகளில் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு எல்லாம் கல்லில் வெட்டியிருக்கும். நம் ஆட்களைப் புதைத்த இடத்தில் தேயிலை நட்டிருக்கிறார்கள். உங்கள் அம்மாவின் பெயர் கல்லில் இல்லை, உங்கள் வாயில் இருக்கிறது.

பேத்திக்கு ஒன்று சொல்கிறேன். மகள், கைபேசியில் பதிவை அழுத்தியதும் முதலில் இன்றைய தேதி, தோட்டம், பிரிவு, ஆச்சியின் பெயர், அவர் அம்மாவின் பெயர் ஆகியவற்றை நீங்களே சொல்லுங்கள். பிறகு பாடவிடுங்கள். நடுவில் மறந்து நின்றால் எடுத்துக்கொடுக்காதீர்கள். நின்று யோசிப்பதும் பதிவாகட்டும். ஒரு பாட்டு முடிந்ததும் எந்த மலையில், எந்த வேலையின்போது, யாரைக் குத்திக்காட்டிப் பாடினார்கள் என்று கேளுங்கள். கங்காணியைப் பற்றிய பாட்டாக இருந்தால் ஆச்சி முதலில் சிரிப்பார். அதையும் வெட்டாதீர்கள்.

இருபதையும் ஒரே நாளில் பாட வேண்டாம் ஆச்சி, தொண்டை தாங்காது. நாளுக்கு இரண்டு போதும். தைப்பொங்கல் விடுமுறையில் நான் இராகலைக்கு வருகிறேன். வரும்போது என் அப்பாயியின் தகரத் துண்டையும் கொண்டுவருகிறேன். உங்கள் அம்மாவின் கழுத்தில் அப்படி ஒன்றைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா என்று நீங்கள் கையில் வாங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.